ஜென்செட்டை நிறுத்தியதும் ஆடிய விளக்குகள்: ஒரு தோட்ட மின்தொகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானுக்கும் பீடோருக்கும் இடையே, செம்பனைக் காட்டுக்குள் தள்ளியிருக்கும் ஒரு தோட்டப் பட்டணம். ஆலை, பண்டகசாலை, சுமார் 120 வீடுகள் கொண்ட குடியிருப்பு, தமிழ்ப்பள்ளி, கோயில், ஆயாக்கொட்டகை, கிளினிக், பம்ப் வீடு எல்லாம் ஒரே மின்தொகுப்பில் ஓடுகின்றன. தேசிய மின்கம்பி கடைத்தெருவோடு நின்றுவிட்டது. தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தரும் பொறுப்பு முதலாளியுடையது என்கிறது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். அதனால் இங்கே விளக்கு அணைந்தால் கேள்வி நேராக நிர்வாகத்திடம் போகும்.

ஆலை ஓடும் நேரத்தில் செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து வரும் நீராவியில் டர்பைன் சுழலும். குடியிருப்புக்கும் அதிலிருந்தே மின்சாரம். ஆலை ஓயும் நேரத்துக்கு 250 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், அதாவது ஜென்செட். டீசல் செலவைக் குறைக்க நிர்வாகம் பண்டகசாலைக் கூரையில் 200 கிலோவாட் சோலார் பலகைகளும், தலா 150 கேவிஏ திறனுள்ள இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர்களும் வாங்கியது. ஒன்று ஆலையின் மின்கூடத்தில். அதை முதல் இன்வெர்ட்டர் என்கிறேன். மற்றது குடியிருப்பின் சுவிட்ச் அறையில், அது இரண்டாவது. இடையில் சுமார் 350 மீட்டர் நிலத்தடி கேபிள். இரண்டுமே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை. பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

ஜென்செட் ஓடும்போது அதுவே 50 ஹெர்ட்ஸைப் பிடித்து நிற்கும்; இன்வெர்ட்டர்கள் அதன் பின்னால் போகும். ஜென்செட் நின்றதும் இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர்களும் தாமே மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் உண்டாக்கவேண்டும். மின்சாரம் உண்டாக்கும் சுழலும் இயந்திரம் எதுவும் அப்போது தொகுப்பில் கிடையாது. சோலார் இன்வெர்ட்டர்கள் எப்போதுமே பின்தொடரும் வகை; அவற்றுக்கு யாராவது தாளம் போட்டாகவேண்டும்.

முதலில் தெரியவந்தவை

இந்த ஏற்பாடு தொடங்கிய மூன்றாம் மாதத்திலிருந்து புகார்கள் வந்தன. வெயில் ஏறிய நேரத்தில் வீட்டு விளக்குகள் படபடவென்று துடித்தன. சில நாள் அது தானாக அடங்கியது. சில நாள் வளர்ந்து, இரண்டாவது இன்வெர்ட்டர் மிகைமின்னோட்டம் என்று காட்டி விழுந்தது. அடுத்த நொடியே முதலாவதும் விழும். பிறகு குடியிருப்பு முழுக்க இருட்டு, ஜென்செட் கிளம்பும் வரை. குடியிருப்பில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி இருந்தார். அவர் மகன் ஒவ்வொரு முறையும் மின்கூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஓடிவந்தார்.

பேட்டரி பழுது என்றார் இன்வெர்ட்டர் நிறுவனத்தின் சர்வீஸ் ஆள். பம்ப் மோட்டார்தான் காரணம் என்றது நிர்வாகம். பம்ப் ஓடத் தொடங்கும்போது விழுந்த நாள்கள் உண்மையிலேயே இருந்தன. நீண்ட கேபிளில் மின்னழுத்தம் குறைகிறது என்பது மூன்றாவது கருத்து.

காரணம் தேட வந்த எங்கள் குழுவுக்கு முதல் துப்பு கொடுத்தவர் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. விளக்கு துடிக்கும்போது பிள்ளைகள் அழுவதால், நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் மணியைக் குறித்து வைத்திருந்தார். அந்தத் தாள்களை மின்கூடத்து லாக் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். எல்லாக் குறிப்புகளும் ஜென்செட்டை நிறுத்திய பிறகுதான் வந்தன. ஆலை ஓடிய நேரத்தில் ஒன்றுகூட இல்லை. பம்ப் ஓடாத நாள்களும் அவற்றில் இருந்தன. மின்கூடத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் அதைப் படித்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன் சார், ஜென்செட்டை நிப்பாட்டுனா பத்து நிமிஷத்துல ஆட ஆரம்பிக்குதுன்னு” என்றார். 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுக்க இருண்டபோதும் இந்த மின்கூடத்தில் விளக்கு எரிந்ததைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர் அவர்.

அளவீடு

இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில், ஒரே கடிகாரத்தில் பதியும் அலைவடிவப் பதிவிகளைப் பொருத்தினோம். இன்வெர்ட்டரின் சொந்தத் திரை நொடிக்கு ஒருமுறைதான் எண்ணை மாற்றும். நொடிக்குள் நடப்பது அதில் தெரியாது.

பதிவில் கண்டது இதுதான். முதல் இன்வெர்ட்டர் 40 கிலோவாட் கூடுதலாகத் தள்ளும் கணத்தில் இரண்டாவது ஏறக்குறைய அதே அளவு பின்வாங்கியது. அடுத்த கணம் தலைகீழ். நொடிக்கு ஏறத்தாழ 9 முறை. இரண்டையும் கூட்டினால் கோடு கிட்டத்தட்ட நேராக இருந்தது. குடியிருப்பு கேட்ட மின்சாரம் மாறவே இல்லை. இரண்டு இன்வெர்ட்டர்களும் தமக்குள் அதைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தன. பம்பும் பேட்டரியும் அந்த நிமிடத்திலேயே குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கின.

மக்கள் ஏன் இவ்வளவு எரிச்சலடைந்தார்கள் என்பதும் புரிந்தது. விளக்கின் துடிப்பை மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது நொடிக்கு 8.8 முறைக்கு அருகில்தான். மினுமினுப்பை அளக்கும் சர்வதேச அளவுகோலே அதை உச்சமாக வைத்து அமைந்தது. மின்னழுத்த ஏற்ற இறக்கம் சிறியதுதான். ஆனால் அது விழுந்த இடம் கண்ணுக்கு மிக மோசமான இடம்.

கணக்கு சொன்னது

இரண்டு இன்வெர்ட்டர்களும் ட்ரூப் என்ற முறையில் சுமையைப் பங்கிடுகின்றன. தன் சுமை ஏறினால் தன் அதிர்வெண்ணைச் சற்றுக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். எதிர்வினைத் திறன் (வேலை செய்யாமல் முன்னும் பின்னும் போய்வரும் திறன்) ஏறினால் மின்னழுத்தத்தைக் குறைக்கும். ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வயர் எதுவும் வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். இங்கே அதிர்வெண் ட்ரூப் 2 விழுக்காடு: முழுச் சுமையில் 1 ஹெர்ட்ஸ் இறக்கம். திறன் அளவீட்டின் வேகமான ஆட்டங்களை மழுக்கும் வடிகட்டி 5 ஹெர்ட்ஸ்.

கேபிளை வெறும் மின்தடையும் மறிப்புமாக (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) எடுத்துக்கொள்ளும் எளிய கணக்கில் 9 ஹெர்ட்ஸ் அருகே ஓர் அலைவு தெரிந்தது. ஆனால் அது மெல்ல அடங்கிவிடும் என்றது கணக்கு. களத்தில் அது அடங்கவில்லை. கேபிளில் ஓடும் மின்னோட்டமும் மாறச் சற்று நேரம் எடுக்கும் என்பதைச் சமன்பாட்டில் சேர்த்து, ஒவ்வோர் இன்வெர்ட்டரையும் 13 நிலைமாறிகளோடு (அந்தக் கணத்து நிலையைச் சொல்லும் அளவுகள்) எழுதியபோது விடை மாறியது. அலைவு அடங்குமா வளருமா என்று காட்டும் ஓர் ஐகன் மதிப்புச் சோடியின் மெய்ப்பகுதி நேர்க்குறிக்குப் போனது. அதாவது அலைவு வளரும்.

பெரிய மின்தொகுப்பில் பழகியவர்களுக்கு இது இடறும் இடம். அங்கே நிலையங்களை இணைக்கும் கம்பி எவ்வளவு வலுவோ அவ்வளவு நிம்மதி. ட்ரூப் இன்வெர்ட்டர்களுக்கு நடுவே மின்மறுப்பு (மின்தடையும் மறிப்பும் சேர்ந்தது) குறையக் குறையப் பிணைப்பு விறைப்பாகிறது. சிறு கோண வித்தியாசமும் பெரிய திறன் பாய்ச்சலாகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இருந்திருந்தால் அதன் மறிப்பு இடையில் நின்றிருக்கும். இங்கே அது இல்லை. தாழ்மின்னழுத்தக் கேபிளில் மின்தடை மறிப்பைவிடப் பெரிது என்பதால் அதிர்வெண் ட்ரூப்பும் மின்னழுத்த ட்ரூப்பும் ஒன்றின் வேலையில் மற்றொன்று கைவைத்து, இருந்த கொஞ்சத் தணிப்பையும் தின்றுவிட்டன. கேபிள் நீளம் என்ற கருத்து உண்மைக்கு நேர் எதிரானது: மின்னியல் கணக்கில் இரண்டும் மிக அருகில் இருந்தன.

பம்புக்கும் ஒரு பங்கு உண்டு. 22 கிலோவாட் மோட்டார் 400 வோல்ட்டில் முழுச்சுமைக்கு 40 ஆம்பியர் அளவு எடுக்கும். நேரடியாகத் தொடங்கினால் ஆறு மடங்கு வரை போகும். 150 கேவிஏ இன்வெர்ட்டரின் முழு அளவே 216 ஆம்பியர். டீசல் ஜெனரேட்டர் ஒரு கணம் பல மடங்கு மின்னோட்டத்தைத் தாங்கும்; இன்வெர்ட்டரில் உள்ள குறைகடத்திகள் சிறிது மீறினாலும் தற்காப்புக்காக அணைந்துவிடும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த தொகுப்பில் பம்பும் கிளம்பினால், அருகிலிருக்கும் இரண்டாவது இன்வெர்ட்டர்தான் முதலில் விழும். பம்ப் நோயைக் கொண்டுவரவில்லை, நோயாளியைத் தள்ளிவிட்டது.

இது தோட்டத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2019 ஆகஸ்ட் 9-ஆம் தேதி பிரிட்டனில் ஒரு மின்னல் தாக்குதலுக்குப் பின் ஹார்ன்சீ கடல் காற்றாலை 737 மெகாவாட்டை ஒரே மூச்சில் இழந்தது. அதன் மின்னழுத்தக் கட்டுப்பாட்டில் தணிப்பு போதாமல் அலைவு வளர்ந்ததே காரணம். வேறு இழப்புகளும் சேர, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அளவு வேறு, தன்மை ஒன்று.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு கணிதம் சம்பந்தப்பட்டதே அல்ல. ஆராய்ச்சி முடியும் வரை ஜென்செட் நிற்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். டீசல் செலவாகும், குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடினால் எஞ்சினில் கரி படியும், சோலார் வீணாகும். நிர்வாகம் தயங்கியது. ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருப்பவர் பெயரைச் சொன்னதும் மறுநாளே ஒப்புக்கொண்டது.

அடுத்து, ட்ரூப்பை 2-லிருந்து 0.5 விழுக்காட்டுக்கு இறக்கிவிடலாமா என்று பார்த்தோம். கணக்குப்படி அலைவு அடங்கும். ஆனால் பம்ப் கிளம்பும்போது சுமை இரண்டுக்கும் இடையே பரவ நேரமாகும்; அதற்குள் இரண்டாவது இன்வெர்ட்டர் எல்லையைத் தொட்டுவிடும். தவிர, பேட்டரி நிரம்பியதும் அதிர்வெண்ணை உயர்த்தித்தான் சோலாரைக் குறைக்கச் சொல்கிறோம். அந்தச் சைகைக்கும் இடம் வேண்டும். இதை இடைக்கால மருந்தாக மட்டும் ஏற்றோம்.

மூன்றாவது வழி, உகந்த பின்னூட்டக் கட்டுப்பாடு. 1960-இல் கால்மன் வகுத்த முறை இது: எந்த விலகல் எவ்வளவு கெடுதல், எந்தக் கட்டுப்பாட்டு முயற்சி எவ்வளவு செலவு என்று எடை போட்டு, மொத்தக் கேட்டைக் குறைக்கும் பின்னூட்டக் கெழுக்களை ரிக்காட்டி சமன்பாட்டால் காண்பது. எல்லா நிலைமாறிகளும் கையில் இருந்தால் அழகான விடை வரும். எங்கள் மாதிரியிலும் வந்தது: அலைவு 0.15 நொடியில் அடங்கியது. ஆனால் அந்த விடையில் முதல் இன்வெர்ட்டருக்கு இரண்டாவதன் மின்னோட்டம் தெரியவேண்டும்; இரண்டாவதற்கு முதலாவதன் கோணம் தெரியவேண்டும்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. 9 ஹெர்ட்ஸ் அலைவின் ஒரு சுற்று 111 மில்லிநொடி. இரண்டு அறைகளுக்கும் இடையே இருந்த தகவல் இணைப்பு ஒரு எண்ணைக் கேட்டு வாங்கவே அவ்வளவு நேரம் எடுத்தது. பழைய செய்தியை வைத்துத் திருத்தினால், அடக்கவேண்டிய கை அலைவை வளர்க்கும். வேகமான ஃபைபர் போடலாம்தான். ஆனால் தோட்டத்தில் கால்வாய் தோண்டும் எக்ஸ்கவேட்டர் கேபிளை அறுப்பது அபூர்வமான சம்பவம் அல்ல. ஒரு கேபிள் அறுந்தால் 120 வீடு இருளும் கட்டுப்பாட்டை உகந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது. எந்த அளவீடு எந்த இடத்தில் நம்பிக்கையாகக் கிடைக்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த எல்லைக்குள் சிறந்ததைத் தேடவேண்டும்.

அடுத்த அறையின் நிலையை இங்கிருந்தே மதிப்பிடலாமே என்று குழுவில் இளையவர் கேட்டார். நல்ல கேள்வி. முழு நிலையும் அளக்கப்படும்போது கால்மன் வகைக் கட்டுப்பாட்டுக்கு 60 பாகை கட்ட விளிம்பு (நிலைகுலையாமல் தாங்கும் கட்டத் தாமதம்) உறுதியாக உண்டு. நடுவில் மதிப்பீட்டாளர் ஒருவரை நுழைத்தால் அந்த உறுதி முழுவதும் போய்விடலாம் என்று டாய்ல் 1978-இலேயே காட்டிவிட்டார். கேபிளின் மின்தடை வெயிலுக்கு மாறும், சுமை மணிக்கு மணி மாறும் இடத்தில் அந்த ஆபத்து வேண்டாம் என்று விட்டோம்.

எனவே ஒவ்வோர் இன்வெர்ட்டரும் தன் முனையில் அளப்பதை மட்டும் பயன்படுத்தும் வடிவம்: தன் மின்னோட்டத்துக்கு ஏற்ப மின்னழுத்தத்தைத் தாழ்த்தும் மெய்நிகர் மறிப்பு, தன் திறன் மாறும் வேகத்துக்கு ஏற்பக் கோணத்தைத் திருத்தும் ஓர் உறுப்பு, இவற்றோடு பழைய ட்ரூப். ஒரு இன்வெர்ட்டருக்கு ஆறு கெழுக்கள். மற்ற எல்லாவற்றையும் பூச்சியம் என்று கட்டிவைத்து, அந்த ஆறுக்குள் கேடு குறைந்த விடையை எண்முறையில் தேடினோம். ஒரே ஒரு நிலைமைக்கு அல்ல. நடுப்பகல் வெயிலும் குறைந்த சுமையும், இரவு உச்சச் சுமை, ஒரு இன்வெர்ட்டர் மட்டும் ஓடுவது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து.

எடைகளைத் தீர்மானிக்க ஒரு கூட்டமே நடந்தது. பிரைசன் விதிப்படி, ஒவ்வோர் அளவும் எவ்வளவு விலகினால் பொறுக்கமுடியும் என்று கேட்டு, அதன் வர்க்கத்தால் ஒன்றை வகுத்தால் எடை கிடைக்கும். கேள்வி எளிது, பதில் யாரிடம் என்பதுதான் பிரச்சினை. நிர்வாகி பேட்டரி மின்னோட்டம் குலுங்கக்கூடாது என்றார், பேட்டரிதான் விலை உயர்ந்தது என்பதால். சார்ஜ்மேன் இன்வெர்ட்டர் விழக்கூடாது என்றார். குடியிருப்பின் சார்பில் பேசிய தலைவர், “விளக்கு ஆடாம இருந்தா போதும் ஐயா” என்றார். குடியிருப்பு முனையின் மின்னழுத்த விலகலுக்கு 1 விழுக்காடு, இன்வெர்ட்டர் மின்னோட்டத்துக்கு முழு அளவின் 1.2 மடங்கு என்று இறுக்கமாக வைத்தோம். பேட்டரி குலுக்கலை நிர்வாகி கேட்டதைவிடத் தளர்த்தினோம். சில மில்லிநொடிக் குலுக்கல் பேட்டரியின் ஆயுளைத் தொடாது. ஆழமாக வடிவதும் சூடுமே அதைத் தேய்க்கும்.

களத்தில் இறக்கியது

நாள் பிடித்தது கணக்குக்கு அல்ல. இன்வெர்ட்டரின் உள் அமைப்புகளை நிறுவனம் பூட்டி வைத்திருந்தது. பதிவுகளைக் காட்டி, உத்தரவாதம் கெடாது என்று எழுத்தில் வாங்கிய பிறகே மென்பொருள் திறந்தது.

முதல் சோதனையை ஆலை ஓடும் நாளில் வைத்தோம். குடியிருப்பை டர்பைன் பார்த்துக்கொள்ள, இன்வெர்ட்டர்களைத் தனியே பிரித்து, பம்பையும் ஹீட்டர் சுமையையும் மட்டும் அவற்றுக்குக் கொடுத்தோம். கெழுக்களைக் கால் பங்கு, அரைப் பங்கு, முழுப் பங்கு என்று ஏற்றினோம். இடைப்பட்ட படிகளும் நிலையானவைதான் என்று முன்கூட்டியே சரிபார்த்திருந்தோம். தொடக்கமும் முடிவும் நன்றாக இருந்து நடுவில் குலைவது இந்தத் துறையில் நடக்கும். பிறகு ஒரு ஞாயிறு மதியம், மழையில்லாத வெயில், கோயிலில் கூட்டமில்லாத வேளை. ஜென்செட் சூடாக, சுமையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜ்மேன் பிரேக்கர் முன்னால் நின்றார். அவர் கட்டளைக்குத்தான் எல்லோரும் கட்டுப்பட்டோம்; அந்த அறையில் சட்டப்படியான பொறுப்பு அவருடையது.

ஜென்செட் பிரிந்தது. முன்பு பத்து நிமிடத்தில் வளர்ந்த அலைவு இம்முறை தலைகாட்டவில்லை. பம்பை ஓடவிட்டோம். இரண்டு இன்வெர்ட்டர்களின் மின்னோட்டமும் சேர்ந்தே ஏறின. திறன் கோடு இரண்டு முறை நெளிந்து, கால் நொடிக்குள் நேரானது. எல்லா நிலைமாறிகளும் கையில் இருப்பதாக வைத்த கணக்கு தந்த 0.15 நொடியைவிடத் தாமதம்தான். அந்த வித்தியாசத்தை எந்த விளக்கும் காட்டவில்லை. கேபிள் எதையும் நம்பாமல் கிடைத்த கால் நொடி அது. நான் அதை மனமார வாங்கிக்கொள்வேன்.

பின்னர் நடந்தது

ஜென்செட் பகலில் மறுபடி ஓய்ந்தது. ஆயாக்கொட்டகை அக்காவிடம் தொடர்ந்து குறிக்கச் சொல்லியிருந்தோம். தாளில் புதிய துடிப்பு எதுவும் ஏறவில்லை. இடிமழை நாளில் ஒரு முழு மின்தடை மட்டும் பதிவாகியிருந்தது. அது மின்னல் தடுப்பான் சம்பந்தப்பட்டது, அலைவோடு தொடர்பில்லை.

வேறொன்று எட்டிப்பார்த்தது. பேட்டரி ஏறக்குறைய நிரம்பிய, சுமை மிகக் குறைந்த மதியங்களில் சோலார் உற்பத்தி நொடிக்கு ஒருமுறை போல மெதுவாக ஏறி இறங்கியது. பேட்டரி இன்வெர்ட்டர் அதிர்வெண்ணை உயர்த்துகிறது, சோலார் சட்டென்று குறைக்கிறது, அதிர்வெண் இறங்குகிறது, சோலார் சட்டென்று ஏறுகிறது. விளக்கில் அது தெரியவில்லை. சோலார் இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணுக்கு இணங்கும் வேகத்தைக் குறைத்ததும் நின்றது. சோலாரை நாங்கள் மாதிரியில் அசையாத மூலமாக எடுத்திருந்தோம். 9 ஹெர்ட்ஸ் அலைவுக்கு அது போதும், இந்த மெதுவான அலைவுக்குப் போதாது.

மாற்றவேண்டியவை

பம்புக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் முதலிலேயே வேண்டும். இப்போது பொருத்தியாயிற்று, எந்தக் கட்டுப்பாட்டு மாற்றத்தையும்விட மலிவு. இன்வெர்ட்டர் வாங்கும் டெண்டரில் இரண்டு வரிகள் சேரவேண்டும்: உள் அமைப்புகளை மாற்றும் உரிமை, நிலைத்தன்மை ஆய்வுக்குப் போதுமான மாதிரி. விற்ற பிறகு இவற்றைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. ஜென்செட் இல்லாத ஓட்டத்தை ஒப்படைப்புச் சோதனையில் கட்டாயமாக்கவேண்டும். இங்கே ஜென்செட் ஓடும்போது மட்டுமே சோதித்து ஒப்படைத்திருந்தார்கள்.

பாதுகாப்பில் ஒரு வேலை இன்னும் மிச்சம். ஜென்செட் ஓடும்போது வீட்டுப் பக்கம் ஷார்ட் சர்க்யூட் ஆனால் பெரிய மின்னோட்டம் பாய்ந்து ஃப்யூஸ் உடனே போகும். இன்வெர்ட்டர் மட்டும் ஓடும்போது அவ்வளவு மின்னோட்டம் வராது. ஃப்யூஸ் தாமதமாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஒவ்வொரு ஃபீடரின் (வீடுகளுக்குப் பிரியும் கிளைக் கம்பி) ஃப்யூஸ் அளவையும் இன்வெர்ட்டர் தரக்கூடிய மின்னோட்டத்தோடு ஒப்பிட்டு, மண்ணுக்குக் கசியும் மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கவைக்கும் மண்கசிவு ரிலே எங்கெங்கே வேண்டும் என்ற பட்டியலைத் தயாரித்து வருகிறோம். கழிவுநீர்க் குளத்து உயிர்வாயுவில் ஓடும் எஞ்சின் ஒன்றையும் இதே தொகுப்பில் சேர்க்க நிர்வாகம் நினைக்கிறது. அது வந்தால் சுழலும் இயந்திரம் ஒன்று தொகுப்பில் நிரந்தரமாக நுழையும். ஆறு கெழுக்களையும் மறுபடி கணக்கிட்டாகவேண்டும். அதற்கான அளவீட்டுப் பதிவிகளை இரண்டு அறைகளிலும் கழற்றாமல் விட்டிருக்கிறோம்.